டீச்சருக்குக் கிடைக்காத மூன்று நிமிடங்கள்

கோபத்தில் எழுதிய எதையும் அன்றே தபாலில் சேர்க்கக் கூடாது என்பது, வஞ்சியூரில் நான் ஸ்டெனோவாக இருந்த வக்கீல் ஆபீசில் ஒரு சட்டம். மேஜைக்குள் போட்டுவிட்டு மறுநாள் எடுத்துப் படிக்க வேண்டும். இந்தக் கதையின் முதல் பக்கத்தை எழுதி மேஜைக்குள் போட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எடுத்துப் படித்தேன். ஒரு சொல்லைக்கூட மாற்றத் தோன்றவில்லை. இனிமேல் ஆறும் என்ற நம்பிக்கையும் இல்லை. எழுதிவிடுகிறேன்.

திருவனந்தபுரத்தில் நாடாளுமன்ற மேலவை உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் நான்கு வருஷம் வேலை பார்த்தேன். கரமனையில், எங்கள் தெருவிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு சிமெண்ட் கடையின் மாடியில் இரண்டு அறைகள். உறுப்பினர் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கட்சிக்காரர்களுக்கும் ஆட்டோக்காரர்களுக்கும் எனக்கும் அவர் டீச்சர்தான். மலையாளி. என் வீட்டுத் தமிழ் அவருக்குப் புரியும், அவர் மலையாளம் எனக்குப் பழக்கம். இரண்டையும் கலந்து பேசியே நாள் ஓடும். மூன்று பாஷையிலும் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடி என்னை எடுத்துக்கொண்டார். கடிதம், கேள்வி, பேச்சுக்குக் குறிப்பு எல்லாம் என் கையால்தான் போகும்.

எம்.பி. என்றால் எழுந்து நின்று பேசலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு மசோதாவுக்கும் சபையில் இத்தனை மணி நேரம் என்று ஒதுக்குவார்கள். அதைக் கட்சிகளுக்கு அவற்றின் பலத்துக்குத் தக்கபடி பிரிப்பார்கள். கட்சிக்கு வந்த நேரத்தில் யார் பேசுவது, எத்தனை நிமிடம் பேசுவது என்பதை அந்தச் சபையில் கட்சிக்குத் தலைவராக இருப்பவர் எழுதிக் கொடுப்பார். அந்தப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் சும்மா உட்கார்ந்திருக்கலாம். டீச்சர் அவரை லீடர் என்பார். டீச்சரைவிடப் பத்து வயது இளையவர். அவரிடம் டீச்சர் போனில் நேரம் கேட்பதை நான் கேட்டிருக்கிறேன். ரேஷன் கடையில் அட்டையை நீட்டிக்கொண்டு நிற்கிறவர் குரல்தான் அது. ஒருமுறை சாயங்காலம்வரை தன் முறைக்காகக் காத்திருந்தார். அவருக்கு முன்னால் பேசியவர் கட்சியின் நேரம் முழுவதையும் தின்றுவிட்டார். அன்று போனில், "சாரமில்ல மோளே, அடுத்த தடவை பாக்கலாம்" என்றார். அந்தப் 'பரவாயில்லை'யை நான்கு வருஷத்தில் எத்தனை முறை கேட்டேன் என்பதற்குக் கணக்கில்லை.

ஒரு மழைக்காலத்துக் காலையில் ஒரு பெண் டீச்சரைப் பார்க்க வந்தாள். ஐம்பது வயதிருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்து, வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மாடி ஏற முடியல்ல. செத்த நேரம் இருக்கட்டா?"

தக்கலைப் பக்கத்துக்காரி. பதினொரு வருஷமாகத் திருவனந்தபுரத்து வீடுகளில் ஹோம் நர்ஸ் வேலை. படுக்கையில் கிடப்பவர்களுக்கு அந்த வீட்டிலேயே தங்கிக் குளிப்பாட்டி, மலம் எடுத்து, மருந்து கொடுக்கிற வேலை. ஏஜென்சிக்காரர்கள் அனுப்புகிற வீட்டுக்குப் போவாள். கடைசியாகப் போன வீட்டில் ஒரு பெரிய அதிகாரி, ஓய்வு பெற்றவர், வாதம் வந்து கிடந்தார். எழுபத்தெட்டுக் கிலோ. குளியலறையில் அவர் வழுக்கப் பார்த்தபோது இவள் ஒற்றை ஆளாகத் தாங்கிப் பிடித்திருக்கிறாள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இவள் முதுகுத்தண்டில் தட்டு விலகிவிட்டது.

"வீட்டுல கேட்டா ஏஜென்சில கேளுங்காவ. ஏஜென்சில கேட்டா, நீ எங்க ஆளு இல்ல, அந்த வீட்டு ஆளுங்கான். லேபர் ஆபீசுக்குப் போனேன். வீடுன்னா கம்பெனி இல்லியே, நாங்க என்ன செய்ய முடியும்னு சொல்லியாச்சு." அவள் டீச்சரின் முகத்தை நேராகப் பார்த்தாள். "அப்பொ நான் ஆருக்க வேலக்காரி டீச்சரே?"

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "எழுதிக்கோ. இவர் சொன்னது அப்படியே வேணும்" என்றார்.

அந்தச் சமயத்தில் தொழிலாளர்களின் பாதுகாப்பு பற்றி ஒரு மசோதா மேலவைக்கு வர இருந்தது. அதை வரிவரியாக நான் படித்திருந்தேன். வீடுகளுக்கு ஏஜென்சி வழியாகப் போகிறவர்கள் தொழிலாளி என்ற சொல்லுக்குள் வரமாட்டார்கள் என்று ஏழாம் பிரிவு சொன்னது. ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தில் இந்தப் பெண்ணும், இவளைப் போல இந்த நகரத்து வீடுகளுக்குள் ராப்பகலாகக் கிடக்கிற அத்தனை பெண்களும் அடித்துத் துடைக்கப்பட்டிருந்தார்கள். எங்கள் கட்சி அந்த மசோதாவை எதிர்ப்பதாகத்தான் அப்போது பேச்சு. டீச்சர் லீடரிடம் நேரம் கேட்டார். இரண்டு வாரம் கேட்டார். கடைசியில் ஒரு மத்தியானம் என் மேஜைக்கு ஓடி வந்தார்.

"கிட்டிப்போச்சு மோளே! மூணு மினிட்டு!"

அறுபத்தெட்டு வயதுப் பெண்மணி, பரீட்சையில் பாஸான குழந்தை மாதிரி நின்றார். அன்று எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால் உடம்பு எரிகிறது. மக்களுக்காகப் பேசத்தான் அங்கே அனுப்பினார்கள். அந்தப் பேச்சுக்கு மூன்று நிமிடம் கிடைத்ததை லாட்டரி விழுந்த மாதிரிக் கொண்டாட வேண்டியிருந்தது.

ஆங்கிலத்தில் பேச்சை எழுதினேன். முதலில் எழுதியது ஏழு நிமிடம் வந்தது. வெட்டினேன். டீச்சர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துக்கொண்டு படிப்பார், நான் வெட்டுவேன். அந்தப் பெண் கேட்ட கேள்வியை மட்டும் தமிழிலேயே சொல்லப் போவதாக டீச்சர் பிடிவாதம் பிடித்தார். அவளை வரவழைத்து உச்சரிப்பைக் கற்றுக்கொண்டார். யாருடைய என்பது "ஆருடெ" என்று டீச்சருக்கு மலையாளமாகவே வந்தது. "ஆருக்க, ஆருக்க" என்று அவள் திருத்தினாள். முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். பேச்சின் கடைசி வரி: ஏழாம் பிரிவை நீக்காதவரை இந்த மசோதாவை நான் ஆதரிக்க மாட்டேன்.

டீச்சர் டெல்லிக்குப் போனார். பேசுகிற நாளில் அந்தப் பெண் வேலையில்லாமல் இருந்த வேறு மூன்று ஹோம் நர்சுகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். வரச் சொன்னது நான்தான். அலுவலக டிவியில் நேரலை போட்டு, நாற்காலிகளை வரிசையாக வைத்து, சாயாவும் பழம்பொரியும் வாங்கி வைத்திருந்தேன்.

பதினொன்றரை மணிக்கு லீடரின் செயலாளர் கூப்பிட்டார். "டீச்சருடெ டெக்ஸ்ட் ஒண்ணு அனுப்புங்கோ. லீடருக்குப் பாக்கணும்."

அனுப்பினேன். யோசிக்கக்கூட இல்லை. வழக்கமான நடைமுறை என்று நினைத்தேன். நன்றாக எழுதியிருக்கிறேன், பார்க்கட்டுமே என்று பெருமையாகவே அனுப்பினேன். இதை மறைத்துவிட்டு மற்றவர்கள்மேல் மட்டும் கோபப்பட்டால் அது நேர்மையில்லை. சாவியை எடுத்துக் கொடுத்தவள் நான்.

முக்கால் மணி நேரம் கழித்து டீச்சரே கூப்பிட்டார். குரல் தாழ்ந்திருந்தது. சபைக்கு வெளியே தாழ்வாரத்தில் நின்று பேசியிருக்க வேண்டும்.

"மோளே, லீடர் கூப்பிட்டார். கட்சி ஆதரிக்கப் போறதாம். ஏழாம் பிரிவைப் பத்தி ஒரு வார்த்தை பேசப்படாதாம். மசோதாவை வரவேற்றுப் பேசணுமாம்."

"எப்போ மாத்தினா? நேத்துவரைக்கும் எதிர்ப்புன்னுதானே இருந்தது?"

"அறியில்ல. எங்கிட்ட யாரும் கேக்கலை. எனக்கு அப்படிப் பேச முடியாதுன்னேன். அப்பொ பேசவே வேண்டான்னு சொல்லிட்டார். என் பேரை வெட்டி வேறொருத்தர் பேரைக் கொடுத்தாச்சு. விப்பும் வந்தாச்சு, மூணு கோடு போட்டு."

விப் என்றால் கட்சி உறுப்பினர்களுக்குக் கொடுக்கிற கட்டளை. மூன்று கோடு போட்டு வந்தால் வந்தே ஆக வேண்டும், சொன்னபடி வாக்களித்தே ஆக வேண்டும். மீறினால் கட்சி புகார் கொடுத்துப் பதவியையே பறித்துவிடலாம்.

டீச்சர் கேட்டார். "அவங்க வந்திருக்காளா?"

"வந்திருக்கா டீச்சர். நாலு பேர்."

"டிவியை ஆஃப் பண்ணிடு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் உள்ளே போய், இன்று டீச்சர் பேசவில்லை என்று சொன்னேன். பாதிதான் சொன்னேன். ரிமோட்டை எடுத்தபோது அந்தப் பெண், "இருக்கட்டும், என்னதான் பேசுதாவன்னு பாப்போம்" என்றாள். நான் அணைக்கவில்லை.

எங்கள் கட்சியின் முறை வந்தது. டீச்சருக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்தார். நல்ல உயரம், நல்ல குரல். கையில் தாள். முதல் வாக்கியத்தைப் படித்தார். என் வாக்கியம் அது. இரண்டாவதும் என்னுடையது. பதினொரு வருஷம் நோயாளிகளைத் தூக்கிய ஒரு சகோதரியைத் தனக்குத் தெரியும் என்றார். ஆங்கிலம் தெரியாத அந்தப் பெண் சட்டென்று நிமிர்ந்தாள். எண்கள் அவளுக்குப் புரிந்தன.

"லெவன் இயர்ஸ்னா பதினொண்ணு. செவண்டி எய்ட் கிலோ... அது என் காரியம்லா?"

அவர் மார்பில் கையை வைத்துக்கொண்டு, அந்தச் சகோதரி தன்னிடம் அழுதுகொண்டே கேட்டதாகச் சொல்லி, "ஆருடெ வேலக்காரி ஞான்?" என்றார். அவள் அழவில்லை. அவரிடம் கேட்கவும் இல்லை. அந்த ஆளை அவள் பார்த்ததே கிடையாது. பிறகு அவர் தாளைத் திருப்பினார். அந்தச் சகோதரியின் கேள்விக்கு இந்த மசோதாதான் பதில் என்றார். எங்கள் கட்சி இதை முழுமனதோடு வரவேற்கிறது என்றார். மேஜைகளைத் தட்டினார்கள்.

இங்கே, என் முன்னால், கடைசி நாற்காலியில் இருந்த பெண் கைதட்டினாள். "நம்ம காரியத்த டெல்லில பேசிட்டாரு!" என்று பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். மூன்று பேர் முகத்திலும் அப்படி ஒரு வெளிச்சம். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் உங்களைப் பற்றிப் பேசினார், ஆனால் உங்களுக்கு ஆகாத சட்டத்துக்கு ஆதரவாகப் பேசினார் என்று. என் வாழ்க்கையில் எவ்வளவோ மொழிபெயர்த்திருக்கிறேன். அதைப்போல ஓர் அசிங்கமான வேலை வேறெதுவும் இல்லை.

வேறொரு கட்சிக்காரர் எழுந்து வாக்கெடுப்பு வேண்டும் என்று கேட்டார். குரல் வாக்கோடு முடிந்திருந்தால் யார் என்ன சொன்னார்கள் என்று தெரியாமல் போயிருக்கும். அவரவர் இடத்தில் பட்டனை அமுக்குகிறார்கள். காமிரா வரிசைகளைத் தடவிக்கொண்டு போனது. ஒரு விநாடி டீச்சர் தெரிந்தார். தலையைக் குனிந்திருந்தார். கை மேஜைமேல் இருந்தது.

"டீச்சரு எந்தப் பட்டன அமுக்குனாவ?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். காமிராவில் அது தெரியவில்லை. ஆனால் மூன்று கோடு போட்ட அந்தத் தாளைப் பற்றி எனக்குத் தெரியும், டீச்சரையும் தெரியும்.

"பச்சை" என்றேன்.

"பச்சைன்னா?"

"சரின்னு அர்த்தம்."

அவள் சாயா டம்ளரைக் கீழே வைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கை கொடுக்கப் போனேன். "வேண்டாம்" என்றாள். நால்வரும் ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்கள்.

மூன்று நாள் கழித்து டீச்சர் வந்தார். நான் குட் மார்னிங்கூடச் சொல்லவில்லை.

"சிவப்பை அமுக்கியிருக்கலாமே?" என்றேன்.

"அமுக்கினா சீட்டு போயிடும்."

"போகட்டுமே! என்ன டீச்சர் இருக்கு அந்த சீட்டுல? நாலு வருஷமா உக்காந்துண்டு இருக்கேள். வாயைத் திறக்க அவனைக் கேக்கணும், கையைத் தூக்கவும் அவனைக் கேக்கணும். உங்களுக்குச் சொந்தமா அங்கே என்ன இருக்கு?"

என் முதலாளியிடம் நான் இப்படிப் பேசுவேன் என்று நானே நினைத்ததில்லை. டீச்சர் கோபப்படவில்லை. அது என்னை இன்னும் எரித்தது.

"நான் போனா, அங்கே இன்னொருத்தனைக் கொண்டு வைப்பார். அவன் மூணு மினிட்டு வேணும்னு கேக்கக்கூட மாட்டான். ஞான் கேக்கவாவது செய்யறேன்."

இதற்குப் பதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அது கிடைக்கவில்லை. இன்றைக்கும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லீடர் திருவனந்தபுரம் வந்திருந்தார். டீச்சர் பார்க்கப் போனார். கோப்புகளைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். ஹோட்டல் அறையில் அவர் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "வரணும் டீச்சர்" என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார். ஆனால் உட்காரச் சொல்ல மறந்துவிட்டார். அவர் சாப்பிட்டு முடித்துக் கைகழுவி வரும்வரை, கட்சிக்காகப் போலீஸ் அடி வாங்கி முட்டி தேய்ந்துபோன அந்த அம்மாள் நின்றுகொண்டே இருந்தார். பக்கத்தில் காலி நாற்காலி இருந்தது. அவராகவும் உட்காரவில்லை.

நான் பேசிவிட்டேன். "சார், அன்னிக்கு உங்க ஆள் படிச்சது டீச்சரோட பேச்சு. கடைசிப் பாராவை வெட்டிட்டு அதுக்கு நேர் எதிரானதை ஒட்டியிருந்தது. அது சரியா?"

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. "அது நீங்க எழுதினதோ? உக்ரன், பிரமாதமான டிராஃப்ட். எங்களுக்கு டெல்லியில இப்படி எழுதற ஆளில்லை கேட்டோ. வந்துடறேளா? டீச்சர்கிட்ட நான் பேசிக்கறேன்."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலை சார்."

"அதெல்லாம் சபையில நடக்கற காரியம். சேச்சிக்கு மனசிலாகாது" என்று சிரித்தார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பி வேறு விஷயம் பேச ஆரம்பித்தார். நான் அந்த அறையில் இல்லாத ஆளாகிவிட்டேன். டீச்சர் ஒரு வார்த்தை பேசவில்லை. லிஃப்டில் இறங்கும்போது மட்டும் என் தோளைத் தட்டி, "நீ பேசினது நன்னாயி" என்றார். மேலே அந்த அறையில் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. நான் தோளை விலக்கிக்கொண்டேன். அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டேன்.

மறுபடியும் வஞ்சியூருக்கு, வக்கீல் ஆபீசுக்கே போனேன். முதல் மாதத்திலேயே தக்கலைக்கு பஸ் ஏறி, விசாரித்து அந்தப் பெண்ணின் வீட்டைக் கண்டுபிடித்தேன். மூன்று முறை போன பிறகுதான் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டாள். ஏஜென்சிமேல் மனு போட்டோம். இதற்கிடையே டீச்சரின் பதவிக்காலம் முடிந்தது. மறுபடி அவருக்குக் கொடுக்கவில்லை. என் பேச்சைப் படித்த அந்த உயரமான ஆளுக்கு இரண்டாவது முறையும் கிடைத்தது. மேலவைக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பது எம்.எல்.ஏ.க்கள்தான். அவர்கள் சட்டசபையில் வாக்குச்சீட்டைக் கட்சி ஏஜென்டிடம் காட்டிவிட்டுப் பெட்டியில் போட்டார்கள். யார் பெயரை எழுதுவது என்பதும் மேலிருந்து வந்ததுதான்.

சென்ற மாதம் மனு விசாரணைக்கு வந்த அன்று, அவளும் நானும் போனபோது லேபர் அதிகாரியின் அறை வாசலில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். யார் சொன்னார்கள் என்று தெரியாது. என்னிடம் கேட்கவில்லை, நேராக உள்ளே வந்தார். அவள் சார்பாகப் பேச அனுமதி கேட்டார். அதிகாரி அவரை அடையாளம் கண்டு எழுந்து நின்று கும்பிட்டார். டீச்சர் பேசினார். அவ்வளவு நன்றாக அவர் பேசி நான் கேட்டதில்லை. வேலை என்றால் என்ன, ஒரு மனுஷியின் முதுகு எவ்வளவு தாங்கும், அனுப்புகிறவனுக்குப் பொறுப்பு உண்டா இல்லையா என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

எல்லாம் கேட்டுவிட்டு அதிகாரி மேஜைமேல் இருந்த புத்தகத்தைப் பிரித்தார். "டீச்சர் சொல்றது நியாயம்தான். ஆனா புதிய சட்டம் வந்தாச்சே. ஏழாம் பிரிவு. வீட்டுக்கு ஏஜென்சி வழியாப் போறவங்க தொழிலாளி இல்லை. டீச்சர் இருக்கறப்பதானே அங்கே பாஸாச்சு?"

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார்.

"ஆமா" என்றார் டீச்சர். "நானும் வோட்டு போட்டேன்."

மனு தள்ளப்பட்டது. முதுகு போனது அந்தச் சட்டம் வருவதற்கு முன்னால், அதனால் அந்தப் பிரிவு அவளுக்குப் பொருந்தாது என்று எர்ணாகுளம் ஹைகோர்ட்டில் அப்பீல் போட்டிருக்கிறோம். நாங்கள் ஜெயிக்கலாம். ஜெயித்தாலும் அவளோடு முடிந்துவிடும். சட்டம் வந்த பிறகு முதுகு ஒடிந்தவர்களுக்கு அதுவும் கிடையாது.

வெளியே வந்ததும் டீச்சர் அவளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் சொல்லவிடவில்லை. "வெயிலா இருக்கு, வீட்டுக்குப் போங்க டீச்சரே" என்றாள். அதில் கோபம் இருந்ததா, மன்னிப்பு இருந்ததா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. டீச்சர் தலையசைத்துவிட்டு ஆட்டோ நிற்கிற பக்கம் நடந்தார்.

நான் அவரைக் கூப்பிடவில்லை. அப்பீலுக்கு வேண்டிய உத்தரவு நகலை எடுத்துக்கொண்டு, அவளைத் தம்பானூரில் பஸ் ஏற்றிவிடக் கிளம்பினேன்.